இனிப்பு நீர் உள்ளவர்களைப் பராமரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்களுக்கும், வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்கு உதவும் தொண்டூழியர்களுக்கும் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு நோய், பற்றிப் பயிற்சி கொடுத்து வருகிறேன். "இனிப்பு நீர் உள்ள ஒரு தாத்தாவை உங்களிடம் ஒப்படைத்தால் முதலில் எதைக் கவனிப்பீர்கள்?" என்று கேட்டால் அநேகமாக எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "சீனி கொடுக்க மாட்டோம்." அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணத்தோடு நின்றுவிடுவதால்தான் மற்ற தவறுகள் பலவும் நடக்கின்றன. சீனி ஏறுவதையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு, அது இறங்குவது தெரிவதில்லை. காலில் இருக்கும் புண்ணும் தெரிவதில்லை.

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம். தோட்டப்புறத்தில் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், ரப்பர் மரம் சீவி, பால் வாளி தூக்கி நடந்த உடம்பு இப்போது வீட்டு முன்புற அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. தட்டில் விழும் சோறு மட்டும் குறையவில்லை. பிள்ளைகள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெரியவரை அன்றாடம் பார்ப்பது டாக்டரோ பிள்ளையோ அல்ல, நீங்கள்தான்.

சர்க்கரை இறங்கியதைக் கோபம் என்று நினைப்பது

நம் கிளினிக்குகளில் ரத்தச் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். அது 3.9-க்குக் கீழே இறங்கினால் தாழ் சர்க்கரை, 3.0-க்கும் கீழே போனால் மூளை தடுமாற ஆரம்பிக்கும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. மெட்ஃபோர்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இது அரிது. ஆகவே உங்கள் பொறுப்பில் இருப்பவர் எந்த மருந்து சாப்பிடுகிறார் என்று தெரியாமல் வேலையைத் தொடங்குவதே முதல் பிழை.

காலை பத்தரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் சாதுவாக இருக்கும் பாட்டி, குளிக்கக் கூப்பிட வந்த பெண்ணை "யாருடி நீ, போடி வெளியே" என்று விரட்டுகிறார். மேலே காற்றாடி சுற்றுகிறது. ஆனாலும் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கிறது. நெற்றியைத் தொட்டால் சில்லென்று ஈரம். பக்கத்து மேசையில் காலைத் தோசை பாதிக்கு மேல் அப்படியே கிடக்கிறது. "இன்னைக்குப் பாட்டிக்கு மூடு சரியில்ல" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த அறைக்குப் போனால், அரைமணி நேரத்தில் பாட்டி நினைவிழந்து கிடக்கலாம். தின்னாத தோசையும் நனைந்த ரவிக்கையும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன.

கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி என்றுதான் பயிற்சித் தாள்களில் இருக்கும். வயதானவர்களிடம் பல சமயம் இவை வராது. அட்டெனொலோல், பிசோப்ரோலோல் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் தெரியும். மற்றபடி குழப்பம், தூக்கக் கலக்கம், நாக்குக் குழறல், தள்ளாட்டம், திடீர்க் கோபம். இதைப் பார்த்துவிட்டு மறதி நோய் முற்றிவிட்டது என்பார்கள். தாத்தாவாக இருந்தால் "தண்ணி போட்டிருக்கார்" என்று ஒதுக்கிவிடுவார்கள். அவர் உண்மையிலேயே குடித்திருந்தாலும் விட்டுவிடக் கூடாது. வெறும் வயிற்றில் குடித்த சம்சு என்ற மலிவுச் சாராயம் பல மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில்கூடச் சர்க்கரையை இறக்கிவிடும். ஒருவர் திடீரென்று வேறு ஆளாக மாறினால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரையை அளந்து பாருங்கள். கருவி கையில் இல்லை, ஆனால் அவர் விழுங்கும் நிலையில் இருக்கிறார் என்றால், தாழ் சர்க்கரை என்றே எடுத்துக்கொண்டு சீனித் தண்ணீர் கொடுங்கள். சர்க்கரை ஏறியிருந்தாலும் அந்த மூன்று கரண்டிச் சீனியால் பெரிய கெடுதல் இல்லை. இறங்கியிருந்து கொடுக்காமல் விட்டால் உயிர் போகலாம்.

கொடுக்கும் முறையிலும் தவறுகள் உண்டு. 15 கிராம் விரைவில் கரையும் சர்க்கரை வேண்டும்: மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கலாம், ஒரு மேசைக்கரண்டித் தேன் கொடுக்கலாம், அல்லது முக்கால் கப் பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். இன்னும் 3.9-க்குக் கீழே இருந்தால் இன்னொரு தடவை. சாக்லெட்டும் ஐஸ்கிரீமும் இதற்கு உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். "தேறிட்டார்" என்று அதோடு விட்டுவிடுவதும் தவறு. அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் ரொட்டியோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டும். மாத்திரையால் இறங்கிய சர்க்கரை பல மணி நேரத்துக்குத் திரும்பத் திரும்ப இறங்கலாம். அவரை அன்றே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பதற்றத்தில் எல்லாருக்கும் கை அதற்குத்தான் போகும். உள்ளே போனது நுரையீரலில் இறங்கி மூச்சை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள். இன்சுலின் போடுபவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

ஊசி ஒரு நேரம், பசியாறல் ஒரு நேரம்

இல்லங்களில் இது நடப்பதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, ஷிப்ட்தான். ராத்திரி ஷிப்ட் ஆள் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும். போவதற்குள் எல்லாருக்கும் ஊசியைப் போட்டு முடித்துவிடுகிறார். பசியாறல் வருவதோ எட்டரைக்கு. காலையும் மாலையும் போடும் கலவை இன்சுலினில் பலவற்றை உணவுக்கு அரைமணி நேரம் முன்பு போட வேண்டும். ஒன்றரை மணி நேரம் உணவில்லாமல் அது ரத்தத்தில் வேலை செய்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். ஊசி போடும் பொறுப்பைக் காலை ஷிப்டுக்கு மாற்றுங்கள், அல்லது உணவை முன்னால் கொண்டு வாருங்கள். இது இல்லத்தை நடத்துபவர் எடுக்க வேண்டிய முடிவு. பராமரிப்பாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பாட்டி சாப்பிட மாட்டேன் என்றால்? ஊசியை நீங்களாக நிறுத்தவும் கூடாது, வழக்கமான அளவைக் கண்ணை மூடிக்கொண்டு போடவும் கூடாது. கிளினிக்கை அழைத்துக் கேளுங்கள். ஊசி போட்டாகிவிட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இரண்டாவது தடவை போடாதீர்கள், அப்போதும் கேளுங்கள்.

கலங்கலான இன்சுலினை உள்ளங்கையில் உருட்டி, மேலும் கீழுமாகக் கவிழ்த்து, பால் போல ஒரே நிறமாக வந்த பிறகே போட வேண்டும். வேகமாகக் குலுக்கக் கூடாது. பிரிக்காத இன்சுலின் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும். ஐஸ் பிடிக்கும் தட்டை ஒட்டி வைத்து உறைந்துபோனால், உருகிய பிறகும் அது உதவாது. பிரித்ததை 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் சுமார் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். தகரக் கூரை வீட்டு ஜன்னலோரமும் வெயிலில் நிற்கும் காரும் அந்த இடம் இல்லை. பிரித்த தேதியை எழுதி இன்சுலின்மேல் ஒட்டிவிடுங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் கட்டிபோல் தடித்திருந்தால் அங்கே மருந்து சரியாக ஏறாது. இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒருவருடைய இன்சுலின் பேனா இன்னொருவருக்குக் கூடவே கூடாது, ஊசி முனையை மாற்றினாலும் கூடாது. விரல் குத்தும் கருவிக்கும் இதே சட்டம்தான். ஒரே கருவியால் வரிசையாக எல்லாருக்கும் குத்திய இல்லங்களில் மஞ்சள் காமாலைக் கிருமி பரவியது உலகில் பல இடங்களில் நடந்திருக்கிறது. அப்புறம், குத்துவதற்கு முன் கையைக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். மாம்பழம் உரித்த விரலில் எடுத்த அளவு பொய் சொல்லும்.

செருப்புக்குள் பார்க்காமல் விடுவது

எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் தவறு இதுதான். முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடிய ஒன்று, கடைசியில் காலை வெட்டுவதில் போய் முடிகிறது. வருடக்கணக்காக உயர்ந்த சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டால் பாதத்தில் உணர்ச்சி இருக்காது. "வலிக்குதா தாத்தா?" என்று கேட்டு, "இல்லம்மா" என்ற பதிலை வாங்கிக்கொண்டு போவதில் பயனே இல்லை. வலிக்காததுதான் அவருடைய நோய். கண்ணால் பாருங்கள், கையால் தொட்டுப் பாருங்கள்: குதிகால் வெடிப்பு, விரலிடுக்கு, உள்ளங்கால், நகத்தின் ஓரம். ஒரு பக்கம் மட்டும் சூடாகவோ சிவந்தோ இருந்தால், சின்னக் கொப்புளமாக இருந்தாலும், அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒரு வாரம் மஞ்சள் பூசிப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

செருப்பைத் தலைகீழாகத் தட்டிய பிறகே மாட்டிவிடுங்கள். உள்ளே கிடக்கும் ஒரு கல் நாள் முழுக்கக் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. கால் குடைச்சலுக்கு வெந்நீரில் காலை ஊறவைப்பது நம் வீடுகளில் சாதாரணம். உணர்ச்சியற்ற பாதம் அதில் வெந்தே போகும். கழுவ வேண்டுமானால் முதலில் உங்கள் முழங்கையை நனைத்துச் சூடு பாருங்கள், பிறகு விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். கிரீமைப் பாதத்தில் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். ஆணிக்காலைப் பிளேடால் சீவாதீர்கள்.

தைப்பூசம் வந்தால் ஈப்போ கல்லுமலைக் கோவிலுக்குப் பால்குடம் எடுக்க வேண்டும் என்று பாட்டி கேட்பார். வெறுங்காலோடு வெயிலில் தார் ரோட்டில் நடப்பது அந்தப் பாதத்துக்கு ஆகாது. ஆனால் "நீங்கள் வரவே கூடாது" என்று சொல்லிவிடாதீர்கள், அது அவருடைய வாழ்நாள் வேண்டுதல். ரோட்டில் செருப்போடு வந்து சன்னிதியில் கழற்றலாம், விடியுமுன் போகலாம், அவர் சார்பாகப் பேத்தி குடம் தூக்கலாம். விரதம் இருப்பதாகச் சொன்னால், மருந்தை மாற்றிக் கொடுக்கச் சொல்லிச் சில வாரங்களுக்கு முன்பே கிளினிக்கில் கேட்டுவிடுங்கள்.

காவல்காரராக மாறுவது

தட்டைப் பிடுங்கும் பராமரிப்பாளரிடம் பெரியவர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். தலையணைக்கு அடியில் மிட்டாய் போய்விடும். நீங்கள் எழுதும் சர்க்கரைக் கணக்குக்கும் அர்த்தம் இருக்காது. தேத்தண்ணீரில் டின்பாலைக் குறைத்துவிட்டு, சோற்றைக் குவியலாகப் போடுவதும், சீனிக்குப் பதில் கருப்பட்டியோ குலா மெலாக்கா என்ற தென்னை வெல்லமோ போட்டால் பரவாயில்லை என்பதும் இதே வகைதான். அவையும் சர்க்கரையை ஏற்றும். சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" தட்டு நம் சாப்பாட்டுக்கு நன்றாகவே பொருந்தும்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். அதே மீன் குழம்பு, அதே கீரை. அளவு மட்டும் மாறுகிறது.

காய்ச்சலோ வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்த நாளில், சாப்பிடவில்லையே என்று இன்சுலினை முழுவதும் நிறுத்திவிடும் பழக்கமும் இருக்கிறது. நோய் வந்தால் சாப்பிடாமலேயே சர்க்கரை ஏறும். அடிக்கடி அளந்து பாருங்கள், மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுங்கள். மெட்ஃபோர்மின் போன்ற சில மாத்திரைகளை உடம்பில் நீர் வற்றும் நேரத்தில் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். அன்றே போன் போட்டுக் கேளுங்கள். தாகமும் சிறுநீரும் அதிகமாகி, ஆள் மயங்கிய மாதிரி கிடந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஷிப்ட் மாறும்போது "எல்லாம் ஓக்கே" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஊசி எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டார், கடைசியாகப் பார்த்த அளவு என்ன, காலில் என்ன பார்த்தீர்கள்: இந்த நான்கையும் நோட்டில் எழுதி, அடுத்த ஷிப்ட் ஆளிடம் வாயாலும் சொல்லுங்கள். அவர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவராக இருந்தால் மலாயில் எழுதுங்கள்.