வெளிநாட்டில் தங்கிப் பயிற்சியாளர் படிப்பு: விண்ணப்பத்திலிருந்து முதல் பயிற்சி செஷன் வரை

விளையாட்டுப் பயிற்சியாளராக வெளிநாட்டில் தங்கிப் படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மைதானத்தின் படங்களைப் பார்த்துத்தான் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, படிப்பு முடியும்போது எந்தச் சான்று கிடைக்கும் என்பதை.

படி 1: சான்றை வைத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்

டென்மார்க்கில் 1920-இல் தொடங்கப்பட்ட ஒலெரப் போன்ற விளையாட்டு விடுதிப் பள்ளிகளில் தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. சேர்ந்து வாழ்ந்து, பல விளையாட்டுகளைக் கற்று, கற்பித்துப் பழக அருமையான இடங்கள். ஆனால் பட்டம் கிடைக்காது. பின்லாந்தின் வியருமாக்கி வளாகத்தில் நடப்பது 210 கிரெடிட் கொண்ட, ஆங்கில வழி இளநிலைப் பட்டப் படிப்பு. ஜெர்மனியின் லைப்சிக்கில் 1964 முதல் நடக்கும் சர்வதேசப் பயிற்சியாளர் படிப்போ ஏற்கெனவே களத்தில் இருப்பவர்களுக்கான சில மாதப் படிப்பு. மூன்றும் நல்லவைதான், ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

இதில் பலரும் கவனிக்காதது உரிமம். பள்ளி தரும் டிப்ளமோ வேறு, அந்த விளையாட்டின் சம்மேளனம் தரும் உரிமம் வேறு. ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனமான யூஈஎஃப்ஏ-வின் (UEFA) உரிமம் அந்தந்த நாட்டுச் சங்கத்தின் வழியாகத்தான் கிடைக்கும். அதையும் 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆகவே பணம் கட்டுமுன் பள்ளிக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் அனுப்புங்கள்: சான்றை வழங்குவது யார்? உங்கள் நாட்டுச் சம்மேளனம் அதை ஏற்கிறதா? மேற்பார்வையுடன் எத்தனை மணி நேரம் நேரடிப் பயிற்சி அளிக்க வாய்ப்பு உண்டு? மூன்றாவதற்குத் தெளிவான எண் வரவில்லை என்றால் அந்தப் பள்ளியைப் பட்டியலில் கீழே தள்ளுங்கள்.

உதவித்தொகை வேண்டுமென்றால் உங்கள் நாட்டு ஒலிம்பிக் சங்கத்தை விசாரியுங்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உதவிப் பிரிவான ஒலிம்பிக் சாலிடாரிட்டியின் பயிற்சியாளர் உதவித்தொகைக்குத் தனிநபர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. சங்கம்தான் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும்.

படி 2: பயிற்சி அளித்ததற்கு ஆதாரம் சேருங்கள்

வீரராக வாங்கிய பதக்கங்களை விட, பத்துச் சிறுவர்களுக்கு ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி அளித்த குறிப்பேடு கனமானது. ஒவ்வொரு செஷனுக்கும் தேதி, வயதுப் பிரிவு, எத்தனை பேர், அன்றைய ஒரே குறிக்கோள், அடுத்த முறை எதை மாற்றுவீர்கள் என எழுதுங்கள். கடைசி வரிதான் தேர்வாளர் தேடிப் படிப்பது.

பள்ளி காணொளி கேட்டால் ஐந்தாறு நிமிடம் போதும். பெரும்பாலான காணொளிகள் கெடுவது ஒலியில்: கேமரா தூரத்தில் இருக்கும், காற்றின் இரைச்சலில் உங்கள் குரலே கேட்காது. சட்டையில் குத்தும் சிறிய மைக் வாங்கிக்கொள்ளுங்கள். சிறுவர்களைப் படம் எடுக்கப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அதைக் கேட்காமல் எடுத்த காணொளி, குழந்தைப் பாதுகாப்பு பற்றி நீங்கள் அறியாதவர் என்று சொல்லிவிடும்.

படி 3: ஆவணங்கள், சரியான வரிசையில்

பாஸ்போர்ட் முதலில். சான்றிதழ்களில் உள்ள பெயர் அதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒன்றில் தலைப்பெழுத்தும் மற்றொன்றில் முழுப் பெயரும் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். அடுத்து அனுமதிக் கடிதம், பிறகு நிதி ஆதாரம், விசா. சிறுவர்களோடு பழகும் படிப்பு என்பதால் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் கேட்பார்கள். அதை ரொம்ப முன்னதாக வாங்கிவிடாதீர்கள்: சில மாதங்களுக்கு மேல் பழையதானால் ஏற்க மாட்டார்கள்.

சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஒழுங்கமைக்கப்பட்ட விளையாட்டுப் பயிற்சியில் வரும் காயம் பல சமயம் விலக்கப்பட்டிருக்கும். விலக்குப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். பழைய முட்டிக் காயம் இருந்தால் மறைக்காமல் சொல்லி, ஸ்கேன் அறிக்கையையும் கொண்டுபோங்கள். நீங்கள் இன்னும் போட்டிகளில் ஆடுபவர் என்றால் தினசரி மருந்துகளை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் (WADA) தடைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். புதிய பட்டியல் ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வரும்.

படி 4: உடம்பைத் தயார் செய்யுங்கள்

விடுதிப் பள்ளியில் ஒரே நாளில் காலை ஜிம்னாஸ்டிக்ஸ், மாலை ஹேண்ட்பால் என்று வரலாம். முதல் சில வாரங்களிலேயே பலருக்குக் கெண்டைக்கால் எலும்போரம் வலி எடுக்கும். மூச்சுத்திறன் சீக்கிரம் கூடிவிடும். எலும்பும் தசைநாரும் அந்த வேகத்தில் பலப்படாது. உடம்பு "முடியும்" என்று சொல்லும்போதே காயம் வருவது இதனால்தான். கிளம்புவதற்கு 12 வாரம் முன்பே தொடங்கி, வாரத்துக்குச் சுமார் பத்து சதவீதம் மட்டும் கூட்டுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் இந்த இடைவெளியிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

படி 5: பெட்டி

வெளி மைதானத்துக்கு ஒரு ஜோடி, உள்ளரங்குக்குத் தரையில் கறை படியாத அடிப்பாகம் கொண்ட இன்னொரு ஜோடி ஷூ; இரண்டையும் அங்கே போகுமுன்பே போட்டுப் பழக்குங்கள். குளிர்நாட்டில் உள்ளாடை அடுக்கு பாலியெஸ்டராகவோ கம்பளியாகவோ இருக்கட்டும். பருத்தி வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு, நீங்கள் நின்று பேசும்போது உடம்பைச் சில்லிட வைக்கும். விசில், ஸ்டாப்வாட்ச், பென்சில். மழையில் நனைந்த தாளில் பேனா எழுதாது.

படி 6: முதல் செஷன்

சக மாணவர்களையே வீரர்களாக வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் பயிற்சி அளிக்கச் சொல்வார்கள். புதியவர்கள் தடுமாறுவது மொழியில். இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல், உடல் உறுப்புகள், திசைகள், செயல்கள் என நாற்பது சொற்களை அந்த மொழியில் மனப்பாடம் செய்யுங்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் நாலைந்து சொல்லில் அடக்கி, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மீதியைச் செய்து காட்டுங்கள்.

வீரர்கள் வருமுன் கோன்களை வைத்துவிடுங்கள். பேசும்போது வெயில் உங்கள் முகத்தில் படட்டும், அவர்கள் கண்ணில் படக்கூடாது. பக்கத்து மைதானத்தில் ஆட்டம் நடந்தால் அவர்கள் முதுகு அதன் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். அரை நிமிடத்தில் விளக்கி முடித்து ஆட விடுங்கள். ஆட்டம் குழம்பினால் உடனே நிறுத்தாமல் இரண்டு முயற்சி பாருங்கள், பல தவறுகளை வீரர்களே திருத்திக்கொள்வார்கள். அப்புறமும் குழப்பம் தொடர்ந்தால் விதி ஒன்றைக் குறையுங்கள், அல்லது இடத்தைப் பெரிதாக்குங்கள்.