கிரிம்பிங் டூலுக்கு முன்னால் பின்னைப் பாருங்கள்

போன வாரம் காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் புது எஸ்.என்-28பி கிரிம்பிங் டூலோடு (ஒயர் நுனியில் உலோகப் பின்னை அழுத்திப் பிடிக்கவைக்கும் கருவி) என் பட்டறைக்கு வந்தான். "அண்ணா, பின் ஹவுசிங்குக்குள்ள போகவே மாட்டேங்குது" என்றான். ஹவுசிங் என்பது பின் போய் உட்காரும் பிளாஸ்டிக் கூடு. ரயிலேறி சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போய், விலை குறைவு என்று எதையோ வாங்கிவந்து முழித்த என் பழைய முகம்தான் ஞாபகம் வந்தது. இழை வெட்டுப்படாமல் ஒயரை உரிப்பதெல்லாம் இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும், அதை விடுகிறேன். பலரும் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

டூலில் இருக்கும் எண்ணை நம்புவது

28-18 ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்க ஒயர் அளவுமுறை) என்று போட்டிருக்கும். அது ஒயரின் அளவு, பின்னின் அளவு இல்லை. அந்தப் பையன் வைத்திருந்தது 2 மி.மீ. இடைவெளி கொண்ட ஜே.எஸ்.டி. பி.எச். வகைப் பின்; டூலின் வாயோ 2.54 மி.மீ. டியூபான்ட் பின்னுக்கானது. ஒயரின் பிளாஸ்டிக் உறையைப் பிடிக்க வேண்டிய காது (பின்னில் மடிகிற சின்னத் தகடு) பக்கவாட்டில் பிதுங்கிவிட்டால் அப்புறம் எங்கே நுழையும்?

சால்டர் வைத்துச் சமாளிப்பது

இதை இன்னும் யாராவது செய்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இதைப் பெருமையாகச் செய்தவன் நான். ஆம்பூரில் ஒரு செருப்பு யூனிட், தையல் மெஷின்களின் சென்சார் ஒயர் வேலை. கையில் இருந்தது சிவப்பு, நீல பிளாஸ்டிக் உறை போட்ட லக் (தடித்த ஒயர் முனை) அழுத்துகிற டூல். அதன் வாய் நீள்வட்டம், எதை வைத்தாலும் தட்டையாக நசுக்கும். திறந்த பின்னுக்கு அது ஆகாது. இரண்டு காதும் உள்பக்கம் சுருண்டு செம்பைக் கவ்வ வேண்டும். கவ்வவில்லை. சரி, ஒரு சொட்டு சால்டர் (உருக்கிப் பற்றவைக்கும் ஈயம்) வைத்தால் போதும் என்று எல்லாப் பின்னுக்கும் வைத்தேன். சால்டர் இழைகளுக்குள் ஊறி உறைக்குக் கீழே வரை போய் அந்த இடத்தைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிட்டது. மெஷின் நாள் முழுக்க அதிர, சால்டர் முடிகிற அந்த விளிம்பிலேயே இழை ஒவ்வொன்றாக அறுந்தது. உறைக்குள் அறுந்ததால் கண்ணுக்குத் தெரியாது, நிறுத்தி மல்டிமீட்டர் வைத்தால் ஒழுங்காக 'பீப்' என்கும், ஓடவிட்டால் போய்விடும். கண்டுபிடிக்கவே ஒரு வாரம். மொத்தத்தையும் வெட்டிப் புதுப் பின் போட்டது என் செலவு, இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போனது. டூலில் மிச்சம் பிடித்ததைப் போல எத்தனையோ மடங்கு!

ராட்செட் இல்லாதது மட்டம் என்று நினைப்பது

ஜப்பானின் எஞ்சினியர் பி.ஏ-09 டூலில் ராட்செட் (முழுதாக அழுத்தும்வரை வாயைத் திறக்க விடாத பூட்டு) கிடையாது, செம்புக் காதையும் உறைக் காதையும் தனித்தனியாக அழுத்த வேண்டும். மெதுவான வேலைதான், ஆனால் பலவகைச் சின்னப் பின்னுக்கு அது ஒன்றே போதும். நூற்றுக்கணக்கில் ஒரே பின் போடுகிறவர்கள் ராட்செட் வாங்கட்டும்.

"ஒரு ஒயர் கொடுங்க" என்று கேட்பது

7/36 என்றால் 36 எஸ்.டபிள்யூ.ஜி. (பிரிட்டிஷ் ஒயர் அளவுமுறை) இழை ஏழு, மொத்தம் சுமார் 0.2 ச.மி.மீ., அதாவது ஏறக்குறைய 24 ஏ.டபிள்யூ.ஜி. பி.எச். பின்னுக்கு அது சரி. 23/36 வாங்கிவந்து திணிக்காதீர்கள்.

பத்தே பின் வாங்குவது

நூறு வாங்குங்கள். முதல் இருபது குப்பைக்கு.

அந்தப் பையனுக்கு ஒரு பாக்கெட் டியூபான்ட் பின் கொடுத்தேன். அதே டூலில், மூன்றாவது பின்னே ஹவுசிங்குக்குள் 'டிக்' என்று உட்கார்ந்தது.