வெந்நீர் அடுப்புச் சாம்பலைத் தோட்டத்தில் கொட்டும் முன்

தர்மபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் எங்கள் தெருவில் வெந்நீர் அடுப்பு இல்லாத வீடு குறைவு. தேங்காய் மட்டை, கவாத்து செய்த மாங்கிளை, புளியம்பழ ஓடு எல்லாம் அதில்தான் எரிகிறது. கூடவே பால் கவர், பிஸ்கட் தாள், அறுந்த செருப்பும் உள்ளே போகிறது. அதற்குத்தான் நான் வீடு வீடாகச் சண்டை போடுகிறேன். அடுப்புக்குள் எது போனதோ அதுதான் சாம்பலில் இருக்கும். பிறகு சலித்தாலும் கழுவினாலும் அது மாறாது.

பேட்டரியும் பெயின்ட் அடித்த பலகையும் எரிந்தால் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் சாம்பலில் தங்கிவிடும். நெருப்பால் உலோகத்தை அழிக்க முடியாது. பி.வி.சி. குழாய், வயர் உறை எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு உருவாகிப் புகையிலும் சாம்பலிலும் சேர்கிறது. இந்தச் சாம்பல் கீரைப் பாத்திக்கும் ஆகாது, பாத்திரம் தேய்க்கவும் ஆகாது. நன்றாக ஆறியதும் லேசாகத் தண்ணீர் தெளித்துத் தூசி அடங்கியதும் சாக்கில் கட்டி, என்ன சாம்பல் என்று சொல்லித் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள். கிணற்றோரம் கொட்டாதீர்கள். அடுப்பு பற்றவைக்கக் கவர் எதற்கு? காய்ந்த பாளையும் தென்னஞ்சோகையும் போதும்.

சரி, வெறும் விறகும் மட்டையும் எரிந்த சாம்பல் என்றால் அது சொத்து. தகர டின்னில் அள்ளி, மூடி, இரண்டு மூன்று நாள் தனியாக வையுங்கள். மேலே ஆறியது போலத் தெரிந்தாலும் அடியில் கங்கு இருக்கும். சாக்கில் கொட்டினால் சாக்கே பற்றிக்கொள்ளும். ஆறியதும் சல்லடையில் சலித்தால் கரித்துண்டும் ஆணியும் மேலே நின்றுவிடும். கரி எருக்குழிக்குப் போகட்டும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், ஈரக் கையால் அள்ளாதீர்கள், தோல் அரிக்கும். மழையில் நனையவும் விடக் கூடாது. சாம்பலின் பலமே சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ். அது தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இதில் கிடையாது, எரியும்போதே புகையோடு போய்விடுகிறது.

சாம்பல் கரைத்த தண்ணீரில் மஞ்சள் தூளைப் போட்டுப் பாருங்கள், ஆரத்திக்குக் கரைத்தது போலச் சிவக்கும். அத்தனை காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு நேர் எதிர். அதனால் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) தென்படும் நிலத்துக்கும், கார அமில நிலை (pH) 7.5-க்கு மேல் போன மண்ணுக்கும் இதைப் போடவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். மற்ற செம்மண்ணுக்கு ஒரு சென்ட்டுக்கு வருஷத்துக்கு 3 முதல் 4 கிலோ தாராளம். தூவி மண்ணோடு கிளறிவிடுங்கள். நாற்றின் தண்டில் படக் கூடாது. மஞ்சள் சோதனை காரத்தை மட்டும்தான் காட்டும், ஈயத்தைக் காட்டாது. கவர் எரிந்த சாம்பலும் இதே போலச் சிவக்கலாம், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

பாலக்கோடு சந்தைக்குத் தக்காளி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூரியாவோடும் அம்மோனியம் சல்பேட்டோடும் சாம்பலைக் கலக்காதீர்கள். கோழி எருவோடும் கூடாது. தழைச்சத்து அம்மோனியாவாகி ஆவியாகப் போய்விடும், காசும் அதோடு போச்சு. இரண்டுக்கும் நடுவே சில வாரம் இடைவெளி விடுங்கள்.

அவரையில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி மொய்த்தால், காலையில் பனி ஈரம் இருக்கும்போதே சலித்த சாம்பலைத் துணியில் கட்டித் தட்டிவிடலாம். மழை பெய்தால் மறுபடி தட்ட வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது விதைப் பானைதான். நன்றாகக் காய்ந்த துவரை, அவரை விதையோடு சாம்பலைக் கலந்து, மேலேயும் ஒரு கனத்துக்குப் பரப்பி மூடிவிடுவார் என் மாமியார். விதைகளுக்கு நடுவே உள்ள சந்தெல்லாம் அடைபட்டு வண்டு நகர முடியாமல் போகிறது; அதன் உடம்பின் மெழுகுப் பூச்சும் உராய்ந்து, ஈரம் வற்றிச் சாகிறது. இதற்கு வறட்டிச் சாம்பலும் நன்றாக உதவும். விதைப்புக்கு முன் புடைத்தால் போதும், சமைப்பதானால் பலமுறை கழுவுங்கள்.