மிதிப்பதை நிறுத்தினால் மட்டும் சத்தம்: ரோடு பைக்கில் எங்கே தேடுவது?

சைக்கிளை மிதிக்காமல் உருட்டும்போது பின் சக்கரத்திலிருந்து வரும் 'கிர்ர்ர்' கோளாறு அல்ல. சக்கரத்தின் நடுக்குடம்தான் ஹப்; அதில் மிதிக்கும்போது மட்டும் பிடித்து, நிறுத்தினால் விட்டுக்கொடுக்கும் பாகம் ஃப்ரீஹப். அதற்குள் இருக்கும் சிறு எஃகு நாக்குகள் பல்வளையத்தின் மேல் தாவித் தாவிப் போகும் சத்தம் அது. ஷிமானோ ஹப்பில் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஹோப் ஹப் தெருமுனையிலேயே வருகையைச் சொல்லிவிடும். டிடி ஸ்விஸ் ஹப்புகள் பலவற்றில் நாக்குக்குப் பதில் இரண்டு பல்வட்டுகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும். 18 பல் வட்டை எடுத்துவிட்டு 36 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு 'டிக்' வரும். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நேற்று இல்லாத சத்தம் இன்று வந்தால்தான் தேட வேண்டும்.

தேடும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். மிதிப்பதை நிறுத்தியதும் கிராங்க், பெடல், செயின், செயினை இழுத்துப் பிடிக்கும் டிரெய்லியரின் (கியர் மாற்றியின்) குட்டிச் சக்கரங்கள் எல்லாம் நின்றுவிடுகின்றன. அப்போது வரும் சத்தத்துக்காக பாட்டம் பிராக்கெட்டை (கிராங்கின் அச்சு சுழலும் பாகத்தை) கழற்றுவது வீண் வேலை. சுற்றிக்கொண்டிருப்பவை இரண்டு சக்கரங்கள், அவற்றின் பேரிங், டிஸ்க் மட்டுமே. மேடு பள்ளத்தில் மட்டும் வந்தால் பாட்டில் கூண்டு, சேடில் பை, தளர்ந்த கேபிள். சீட்டிலிருந்து எழுந்தால் நின்றுவிட்டால் சேடில் அல்லது சீட் போஸ்ட். வழவழப்பான சாலையில் வேகத்தோடு சேர்ந்து கூடிக் குறைந்தால் சக்கரம்தான்.

அடுத்து எண்ணிப் பாருங்கள். 25 மி.மீ. டயர் போட்ட சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் போகும். 25 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு மூன்றுக்குச் சற்று மேற்பட்ட சுற்று. அந்தக் கணக்கில் 'டிக், டிக்' வந்தால் சக்கரத்தில் ஏதோ ஒரே ஓர் இடம்தான் காரணம். இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தால், சத்தம் வரும் கணத்தில் எந்த இடம் எதன் அருகே வருகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். டயரில் சிக்கிய கல், சென்சாரில் உரசும் காந்தம், பிரேக் கட்டையில் தொடும் ரிம் கோட்டம் எல்லாம் இப்படியே பிடிபடும்.

ஆழமான ரிம் என்றால் முதலில் வால்வைச் சந்தேகியுங்கள். நீண்ட வால்வுத் தண்டு ரிம் துளைக்குள் தட்டிக்கொண்டே இருக்கும். துளைக்குள் வரும் பகுதியில் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றினால் போதும். மெதுவாகப் போகும்போது மட்டும் கலகலத்து, வேகமெடுத்தால் மறைந்துபோகும் சத்தம் வேறு வகை: ரிம்முக்குள் கிடக்கும் உடைந்த நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சிறு நட்டு) துண்டோ உலோகத் தூளோ வேகத்தில் வெளிவிளிம்போடு ஒட்டிக்கொள்வதால் அடங்கிவிடுகிறது. டயரையும் ரிம் டேப்பையும் எடுத்து, துளை வழியே குலுக்கிக் கொட்ட வேண்டும்.

டிஸ்க் பிரேக்கில் 'ஸ்ஸ்' விடாமல் வந்தால், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் நகர்ந்திருக்கிறது. இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பிரேக் லீவரை அழுத்திப் பிடித்தபடி மாறி மாறி முடுக்குங்கள். 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் போதும். சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் உரசினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. காலிப்பரை எத்தனை முறை நகர்த்தினாலும் அது சரியாகாது.

கரடுமுரடான சாலையில் பின்பக்கம் தகரம்போலக் குலுங்கினால் கேசட்டின் (பின் சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதியின்) பெரிய பல்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பல்சக்கரங்களுக்கு இடையே ஆட்டம் இருந்தால், அவற்றைப் பூட்டும் லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டருக்கு முடுக்க வேண்டும். முடுக்கிய பிறகும் ஆடினால், 11 ஸ்பீடு ஹப்பில் 10 ஸ்பீடு கேசட் மாட்டி, 1.85 மி.மீ. ஸ்பேசரை (இடைவளையத்தை) போடாமல் விட்டிருப்பார்கள்.

இறக்கத்தில் ஊளையிடுவதுபோலச் சத்தமும், கூடவே மேல் செயின் தொய்ந்து செயின்ஸ்டேயில் (செயினை ஒட்டிப் பின் சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாயில்) அடிப்பதும் சேர்ந்து வந்தால் உடனே நிறுத்துங்கள். ஃப்ரீஹப் சுதந்திரமாகச் சுழலாமல் சக்கரத்தோடு இழுபடுகிறது. பின் சக்கரத்தைத் தூக்கி, மிதித்துச் சுழற்றிவிட்டுக் கையை எடுங்கள். பெடல் தானாகச் சுற்றிக்கொண்டே போனால் உறுதி. உள்பக்கம் பிளாஸ்டிக் புஷ் (வளைய உறை) வைத்த பழைய மாவிக் சக்கரங்களில் இது பேர்போன வியாதி. புஷ் உலர்ந்தோ தேய்ந்தோ போயிருக்கும். கழற்றித் துடைத்துச் சில துளி மெல்லிய மினரல் ஆயில் விட்டாலே பல நேரம் சரியாகும். தேய்ந்திருந்தால் புஷ் மாற்ற வேண்டும்.

பேரிங் கோளாறு பெரும்பாலும் 'டிக்' என்று வராது, அரைக்கும். சக்கரத்தைக் கழற்றி ஆக்சிலை விரலால் உருட்டுங்கள். மணல் அரைபட்டால் வேலை இருக்கிறது, மழையில் ஓட்டிய வண்டிகளில் அதிகம். கார்ட்ரிட்ஜ் பேரிங்கின் மூடியில் 6902 போல எண் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் பொதுவான பேரிங் கடையிலேயே வாங்கலாம். பேரிங் குண்டுகளைக் கூம்பு வடிவ நட்டால் (கோன்) முடுக்கும் ஹப்பில் மேசைமேல் வைத்து ஆட்டமே இல்லாமல் முடுக்குவதுதான் வழக்கமான தவறு. சக்கரத்தை ஃபிரேமில் பூட்டும் குவிக் ரிலீஸ் ஆக்சிலைக் கொஞ்சம் நெருக்கும். மேசையில் நூலிழை ஆட்டம் விட்டால், ஃபிரேமில் மாட்டிப் பூட்டியதும் அது காணாமல் போகும்.

இத்தனை சத்தங்களையும்விட அஞ்ச வேண்டியது, வழக்கமாகச் சத்தமிட்ட ஹப் திடீரென அமைதியாவது. நாக்குகள் கெட்டிக் கிரீஸில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் எழுந்து நின்று மிதித்தால் பெடல் வழுக்கி, உடம்பு ஹேண்டில்பார் மேல் விழும். சத்தம் பிடிக்கவில்லை என்று ஃப்ரீஹப்புக்குள் வீல் பேரிங் கிரீஸை அப்புவது இந்த ஆபத்துக்குத்தான் வழிவகுக்கும். பழைய கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள், பேரிங் மூடிக்குள் இறங்க விடாதீர்கள். மெல்லிய எண்ணெய் தடவி, மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு நாக்கையும் விரல்நுனியால் அழுத்தி விடுங்கள். சட்டென எழும்பாமல் ஒன்று சோம்பினாலும் அதன் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டே மூடுங்கள்.