நீள ஹாலில் முதலில் நடைபாதையைப் பிடியுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட், பாடாங் செராய் மாதிரி ஊர்களில் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு வந்தவர்கள் வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வரிசை வீடுகளில் முக்கால்வாசி ஒரே அச்சுதான். முன்கதவைத் திறந்தால் குசினி (சமையலறை) வரைக்கும் கண் நேரே ஓடும், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஜன்னல் முன்னாலும் பின்னாலும் மட்டும். இதில் சோபா, ஷோகேஸ், டிவி கேபினெட் எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டி வரிசையாக வைத்தால் வீடு ரயில் பெட்டி ஆகிவிடும்.

கடைக்குப் போகும் முன் வாசலிலிருந்து குசினிக்கு எந்தப் பக்கமாக நடக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஒரே பக்கம், 3 அடி அகலம், அதில் எதுவும் கிடையாது. மாஸ்கிங் டேப்பைத் தரையில் ஒட்டி, சோபாவின் அளவையும் டேப்பிலேயே போட்டுவிட்டு, யாரையாவது இரண்டு கையிலும் சாப்பாட்டுத் தட்டோடு நடக்கச் சொல்லிப் பாருங்கள். ஹால் அகலம் 10 அடி என்றால் 120 அங்குலம். முன்பின் ஆழத்தில் சோபா 34, டிவி கேபினெட் 16 போனால் மிச்சம் 70, அதில் பாதைக்கு 36 போக கால் நீட்ட 34தான், டீ மேசைக்கு ஆசைப்பட வேண்டாம், இழுத்துப் போடுகிற சின்ன ஸ்டூல் போதும். எல் வடிவ சோபாவைத் தலையில் கட்டப் பார்க்கும் கடைக்காரரிடம் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் நீளத்தை உடைக்க வேண்டும். இரண்டு பேர் உட்காரும் சோபாவைக் குறுக்கே திருப்பி, முதுகுக்குப் பின்னால் இடுப்பளவு அலமாரி வையுங்கள். முன்னால் ஹால், பின்னால் சாப்பாட்டு இடம். கூரை வரை தடுப்பு அடிக்க வேண்டாம், முன் ஜன்னல் வெளிச்சமும் காற்றும் அத்தோடு சரி. பலகைத் தூளில் செய்த மலிவு அலமாரி என்றால் கால் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள், மாப் தண்ணீர் பட்டுப் பட்டு அடி ஊதிவிடும்.

பெயிண்ட் விஷயம் சுலபம். நீளச் சுவர் இரண்டும் வெளிர் நிறம், கடைசியில் தெரியும் குட்டைச் சுவர் மட்டும் அழுத்தமான நிறம், அது கிட்ட வந்த மாதிரி இருக்கும். கண்ணாடியை நீளச் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்; கடைசிச் சுவரில் மாட்டினால் இன்னும் நீளமாகத் தெரியும். தரையில் வினைல் பலகை ஒட்டுவதானால் குறுக்கே ஒட்டச் சொல்லுங்கள், ஆள் முணுமுணுப்பார், விடாதீர்கள். நடுவில் ஒரே ஒரு டியூப் லைட் இருந்தால் இரண்டு முனையும் இருட்டுதான், அதற்குப் பதில் நீளத்துக்கு மூன்று சின்ன விளக்கு போடலாம்.

அறைகளை ஒட்டிப் போகும் ஒடுக்கமான நடையில் தரையில் ஒன்றும் வேண்டாம். படங்கள் ஒரு பக்கச் சுவரில் மட்டும், நடுப்பகுதி கண் உயரத்துக்கு வரும்படி. தாத்தா பாட்டி படத்துக்கு மாலை தொங்க இடம் விட்டு ஆணி அடியுங்கள்.

ராத்திரி கப்சாய் மோட்டாரை (சின்ன மோட்டார் சைக்கிளை) ஹாலுக்குள் ஏற்றுகிறவர்கள் ஹேண்டில் அகலத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அந்த 3 அடிப் பாதையில்தான் நிற்க வேண்டும், கீழே ஒரு பழைய ரப்பர் பாய்.