கணினிக்குத் தொலைக்காட்சியா, மானிட்டரா?

24 அங்குல மானிட்டரின் விலையோடு சற்றே கூட்டிக் கொடுத்தால் 32 அங்குலத் தொலைக்காட்சியே கிடைக்கும்போது, எதற்காகச் சிறிய திரையை வாங்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். திரையின் அளவைவிட, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்சல்கள் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள்) இருக்கின்றன என்பதையே முதலில் பார்க்க வேண்டும். 1366 × 768 பிக்சல்கள் கொண்ட 32 அங்குல எச்டி ரெடி தொலைக்காட்சியில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 49 பிக்சல்களே உண்டு. 24 அங்குல ஃபுல் எச்டி (1920 × 1080) மானிட்டரிலோ 92. அறையின் மறுபக்கத்திலிருந்து படம் பார்க்கும்போது தெரியாத இந்தக் குறை, இரண்டடி தூரத்தில் அமர்ந்து தமிழில் தட்டச்சு செய்யும்போது கண்ணை உறுத்தும். சிறிய எழுத்தில் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தின் தலையோடு கலந்துவிடும். மெய்ப்புத் திருத்துபவர்கள் இத்தகைய திரையை வாங்கவே கூடாது.

எழுத்தும் கணக்கும்தான் உங்கள் வேலை என்றால் மானிட்டரையே வாங்குங்கள். 24 அங்குலத்துக்கு ஃபுல் எச்டி போதும். 27 அங்குலம் என்றால் 2560 × 1440 இருப்பது நல்லது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கி இருந்தால் கழுத்துக்கு இதம்.

பெரிய திரைதான் வேண்டும் என்பவர்கள் 43 அங்குல 4கே (3840 × 2160) தொலைக்காட்சியைப் பரிசீலிக்கலாம். அதில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 102 பிக்சல்கள் இருப்பதால் எழுத்து தெளிவாகவே தெரியும். ஆனால் அதற்கு மூன்றடி ஆழமுள்ள மேசை வேண்டும். கணினியின் கம்பியைச் செருக எச்டிஎம்ஐ 2.0 இணைப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள், பழைய 1.4 இணைப்பில் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும் என்பதால், மவுஸ் குறி கைக்குப் பின்தங்கி இழுபடும்.

வாங்குமுன் மடிக்கணினியைக் கடைக்கு எடுத்துச் சென்று இணைத்து, கறுப்புப் பின்னணியில் சிவப்பு நிறத்தில் சிறிய எழுத்துகளில் ஒரு வரி தட்டச்சு செய்து பாருங்கள். பல தொலைக்காட்சிகள் நிறத் தகவலைச் சுருக்கிவிடுவதால் அந்த எழுத்துகளின் ஓரம் கசிந்ததுபோல் தெரியும். தொலைக்காட்சியின் அமைப்பில், கணினியை இணைத்த உள்ளீட்டின் பெயரை ‘பிசி’ என மாற்றினால் சிலவற்றில் இது சரியாகிவிடும். அப்போதும் கசிந்தால் அந்த மாடல் வேண்டாம். திரையின் ஓரங்கள் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் மறைந்தால் பதற வேண்டியதில்லை, பட அளவு அமைப்பில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ போன்ற தேர்வு அதைச் சரிசெய்துவிடும். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகளில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. நாள் முழுதும் ஒரே இடத்தில் நிற்கும் டாஸ்க்பார், நாளடைவில் அங்கே அழியாத தடத்தைப் பதித்துவிடக்கூடும்.