பெயர் தெரியாத பழைய டிரக் ஆக்ஸில்: அடையாளம் காண்பதும் விலை மதிப்பதும்

பழைய டிரக் ஆக்ஸில் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது "இது எவ்வளவு போகும்?" என்றுதான். மாடல், பல் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று வர இன்ஜின் பக்கத் தண்டு எத்தனை சுற்று வர வேண்டும் என்பது), அகலம் மூன்றும் தெரியாமல் யார் விலை சொன்னாலும் அது எடைக்குப் போடும் இரும்பு விலைதான். கனமாக இருப்பதாலேயே ஆக்ஸிலுக்கு மதிப்பு வந்துவிடாது. அதை வாங்கி வண்டியில் மாட்ட ஆள் வேண்டும், உதிரிபாகமும் கிடைக்க வேண்டும். கீழே வரும் மாடல்கள் அமெரிக்க பிக்கப்புகளிலும் டிரக்குகளிலும் வந்தவை. அளக்கும் முறை எந்த ஆக்ஸிலுக்கும் பொருந்தும்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: வயர் பிரஷ், டேப், வெர்னியர், சாக்பீஸ், இரண்டு ஸ்டாண்டு, ஆயில் பிடிக்க ஒரு தட்டு, எழுத ஒரு நோட்டு.

படி 1: தூக்குவதும் துடைப்பதும்

டிரம்மோடு இருக்கும் பெரிய ஆக்ஸில் 200 கிலோவைத் தாண்டும். தூக்கியதும் பினியன் பக்கம் (இன்ஜினிலிருந்து வரும் தண்டு மாட்டும் சின்னப் பல்சக்கரம் இருக்கும் பக்கம்) சட்டென்று கீழே சுழலும். அங்கே கையோ காலோ இருக்கக் கூடாது. ஸ்டாண்டில் வைத்து இரு பக்கமும் கட்டை கொடுங்கள்.

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். டிரம்முக்குள் காற்று அடித்துத் தூசி பறக்கவிடாதீர்கள். தண்ணீரில் நனைத்துத் துணியால் துடைத்து, அந்தத் துணியை மூடிய பையில் கட்டிவிடுங்கள்.

ஹவுசிங்கையும் குழாய்களையும் வயர் பிரஷ்ஷால் மட்டும் தேய்க்க வேண்டும். கிரைண்டர் வைத்தால் துருவோடு சேர்ந்து, லேசாகக் குத்தியிருக்கும் எண்ணும் போய்விடும். உங்களுக்கு வேண்டியதே அந்த எண்தான்.

படி 2: உருவத்தைப் பார்ப்பது

இரு முனையிலும் நக்கிள் (ஸ்டியரிங்கோடு சக்கரத்தைத் திருப்பும் மூட்டு) இருந்தால் முன் ஆக்ஸில். அடுத்து ஹப்பைப் பாருங்கள். சக்கரத்தின் நடு ஓட்டை வழியே ஹப் வெளியே நீண்டு, அதன் முகத்தில் ஷாஃப்ட்டின் தட்டு போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங். வண்டியின் பாரத்தை ஹப்பும் குழாயும் தாங்கும், ஷாஃப்ட் சுழற்ற மட்டும்தான். முகம் தட்டையாக, ஸ்டட் (சக்கர நட்டு ஏறும் திருகு) மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் செமி ஃப்ளோட்டிங். பாரம் சுமக்கும் வேலைக்கு முதல் வகையைத்தான் தேடுவார்கள்.

பிறகு டிஃபரன்ஷியல் (நடுவே உள்ள பல்சக்கரத் தொகுதி) மூடி. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். போல்ட்டை எண்ணியதும் பெயரை முடிவு செய்துவிடுகிறார்கள். டானா நிறுவனத்தின் டானா 44, டானா 60, டானா 70 மூன்றுக்கும் மூடியில் 10 போல்ட்தான். ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) தயாரித்த ஆக்ஸிலிலும் 10 போல்ட் உண்டு. எனவே கிரவுன் வீலின் (பினியனோடு பல் கோத்துச் சுழலும் பெரிய பல்சக்கரம்) விட்டத்தையும் அளக்க வேண்டும்: டானா 44-ல் சுமார் 8.5 அங்குலம், 60-ல் 9.75, 70-ல் 10.5. டானா வகைகளில் ஹவுசிங் வார்ப்பின் விலாவிலேயே 44, 60, 70 என்று எண் புடைத்திருக்கும். கிரீஸ் படிந்து மறைந்திருந்தால் சுரண்டிப் பாருங்கள்.

14 போல்ட் என்றால் பெரும்பாலும் ஜிஎம். அதிலும் இரண்டு வகை. 10.5 அங்குல ஃபுல் ஃப்ளோட்டிங் வகையில் பினியனைத் தாங்கும் பகுதி தனித் துண்டாக முன்னால் போல்ட் போட்டிருக்கும். 9.5 அங்குல செமி ஃப்ளோட்டிங் வகையில் அப்படிக் கழலாது. இரண்டுக்கும் விலையில் நல்ல வித்தியாசம் உண்டு.

பின்பக்கம் மூடியே இல்லாமல் வழவழப்பாக இருந்து, கிரவுனும் பினியனும் முன்பக்கமாக ஒரே உருப்படியாகக் கழன்று வந்தால், ஃபோர்டு 9 அங்குலமாக இருக்கலாம் (1957 முதல் 1986 வரை வந்தது). கிறைஸ்லர் 8.75, ஈட்டன் எச்ஓ52 போன்றவையும் இதே அமைப்புதான். ஃபோர்டில் கீழே இருக்கும் இரண்டு நட்டுகளுக்கு சாக்கெட் நேராக உட்காராது, ஸ்பேனர்தான் போடவேண்டும் என்றால் அது 9 அங்குலம், 8 அங்குலம் அல்ல. டிஃபரன்ஷியல் மேலே உட்கார்ந்திருந்தால் எம்35 ராணுவ லாரியின் ராக்வெல் இரண்டரை டன் ஆக்ஸிலா என்று பாருங்கள். அதன் விகிதம் 6.72.

படி 3: எண்களை எடுப்பது

மூடி போல்ட்டின் அடியில் சின்னத் தகடு மாட்டியிருக்கலாம். டானாவில் குழாயின் மேல் ஆறு இலக்கமும், ஒரு கோடு போட்டு மேலும் ஓர் எண்ணும் குத்தியிருக்கும். அது பில் ஆஃப் மெட்டீரியல் எண். எந்த வண்டிக்குச் செய்தது என்று தேட அது போதும். எண் மங்கியிருந்தால் சாக்பீஸைப் பூசி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள்.

வார்ப்பு எண் வேறு. அது அந்த வார்ப்பை மட்டும்தான் சொல்லும், உள்ளே இருக்கும் பல்லைச் சொல்லாது. தகட்டில் உள்ள விகிதத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். இடையில் யாராவது பல் மாற்றியிருக்கலாம்.

படி 4: விகிதம்

பினியன் ஃப்ளாஞ்சிலும் ஒரு டிரம்மிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். மறுபக்க டிரம்மை ஒருவர் அசையாமல் பிடிக்க, இந்த டிரம்மை 20 சுற்று சுற்றி, பினியன் எத்தனை சுற்று வந்தது என்று எண்ணுங்கள். மறுபக்கம் நிற்பதால் கிரவுன் பத்துச் சுற்றுதான் வரும், எனவே வந்ததைப் பத்தால் வகுத்தால் விகிதம்: 41 சுற்று என்றால் 4.10, 37-க்குக் கொஞ்சம் மேல் என்றால் 3.73. இரண்டே சுற்று சுற்றினால் 3.54-க்கும் 3.73-க்கும் வித்தியாசம் பிடிபடாது.

பிடிக்காமல் விட்டு ஒரு பக்கத்தைச் சுற்றும்போது மறுபக்கம் எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல். ஒரே திசையில் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப்போ லாக்கரோ (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் அமைப்புகள்) உள்ளே இருக்கிறது. அப்போது இரு டிரம்மும் சேர்ந்து ஒரு சுற்று வரும்போது பினியன் சுற்றுவதுதான் விகிதம். கிளட்ச் தேய்ந்த லிமிடெட் ஸ்லிப் சாதாரணம் போலவே நடந்துகொள்ளும். ஆகவே மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. கழற்றினால் கிரவுன் ஓரத்தில் 41-10 என்பதுபோல் பல் எண்ணிக்கையும் தெரியும்.

படி 5: அளவுகள்

அகலத்தை ஒரு சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து மறு முகம் வரை எடுங்கள். டிரம்மின் வெளி விளிம்பு கணக்கில்லை. பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உட்காரும் இரு மேடைகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்து குறியுங்கள். முன் ஆக்ஸில் என்றால் டிஃபரன்ஷியல் ஓட்டுநரின் இடப்பக்கமா வலப்பக்கமா என்பது மிக முக்கியம். டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் சக்தியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இல்லாவிட்டால் அந்த வண்டிக்குப் பயன்படாது.

6 அல்லது 8 ஸ்டட் என்றால் எதிரெதிர் ஸ்டட்களின் நடுவிலிருந்து நடு வரை அளங்கள். 5 ஸ்டட்டில் எதிரெதிர் கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட்களின் இடைவெளியை 1.701-ஆல் பெருக்குங்கள். 82.1 மி.மீ. வந்தால் 139.7, அதாவது 5.5 அங்குல வட்டம். 8 ஸ்டட்டில் 165.1 மி.மீ.யா 170-ஆ என்று கவனமாகப் பாருங்கள். பிந்தையது 1999 முதல் வந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டி அளவு. ஒன்றின் சக்கரம் மற்றதில் ஏறாது. பழைய வண்டிகள் சிலவற்றில் இடப்பக்க ஸ்டட் எதிர்த் திருகாக இருக்கும், முறுக்கி உடைத்துவிடாதீர்கள்.

படி 6: உள்ளே என்ன நிலை

ஆயிலை வடிக்கும்போது முதலில் தண்ணீர் வந்தால் கவனம். தண்ணீர் அடியில் தங்கும் என்பதால் கிரவுனின் அடிப்பகுதிப் பல்லும் பினியன் பேரிங்கும் குழி விழுந்திருக்கும். ஆயில் மட்டத்துக்கு மேலே இருந்த பல்லில் துருக்கோடு ஒன்று பளிச்சென்று தெரியும். நகத்தால் வருடிப் பாருங்கள்: நகம் தடுக்காத துருவைத் துடைத்துவிடலாம், நகம் மாட்டும் குழி என்றால் கிரவுன், பினியன் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை. செதில் செதிலாக வந்தால் பேரிங் அல்லது பல் போய்விட்டது.

பினியனைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், துளியும் ஆடக் கூடாது. ஷாஃப்ட்டை உருவி, அதன் முனையில் நீளவாக்கில் உள்ள ஸ்ப்ளைன் பற்கள் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், எண்ணிக்கையையும் குறியுங்கள்; டானா 60-ல் 35 ஸ்ப்ளைன் என்றால் 30-ஐ விட மதிப்பு கூடுதல். குழாய் நெடுக நூல் பிடித்தால் வளைவு தெரிந்துவிடும். வளைந்த குழாயை நிமிர்த்தும் செலவு பெரும்பாலும் கட்டாது.

படி 7: விலை

இரும்பு எடை விலை அடித்தளம். அதற்கு மேல், பாகங்களாகப் பிரித்தால் என்ன வரும் என்று தனியாக எழுதுங்கள்: ஷாஃப்ட், ஹப், நக்கிள், டிஃபரன்ஷியல். முழுதாக விற்றால் வரும் தொகையிலிருந்து பேரிங், சீல், பிரேக் செலவைக் கழியுங்கள். எது அதிகமோ அதுதான் உங்கள் விலை.

டானா 60 முன் ஆக்ஸில், அதுவும் நக்கிளின் மேல் நான்கு போல்ட் மூடி போட்ட கிங்பின் வகை, எப்போதும் தேடப்படுவது. நக்கிளும் வெளி ஷாஃப்ட்டும் இல்லாமல் வந்தால் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். அதே டானா 60 பின் ஆக்ஸில் என்றால் விலை வெகுவாகக் குறையும். ஜிஎம் 10.5 அங்குலம் நல்ல வலு, ஆனால் நிறையவே கிடைப்பதால் விலை ஏறாது. ஃபோர்டு 9 அங்குலத்தில் வார்ப்பில் 'N' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அந்த டிஃபரன்ஷியல் மட்டுமே தனியாக நல்ல விலைக்குப் போகும். ராக்வெல் கனத்தில் மிரட்டும்; 6.72 விகிதத்தில் நெடுஞ்சாலையில் வேகம் போக முடியாததால் வாங்குவோர் குறைவு.

விற்க வைக்கும்போது மூடியின் முன்பக்கம், குத்திய எண், ஹப் முகம், கழற்றிய பல் ஆகியவற்றைப் படமெடுத்து, அகலம், ஸ்டட் வட்டம், விகிதம், ஸ்ப்ளைன் எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதுங்கள். பட்டை மேடைகளை கேஸ் கட்டர் வைத்து வெட்டி எறிய வேண்டாம். அதே வண்டிக்கு வாங்குபவருக்கு அவை இருந்தால்தான் பயன்.